எல்லாம் அறிந்த எதிராளி

கிரிக்கெட் வீடியோ கேம்களைப் பற்றிய பேச்சில் ஒரு கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைபெற்றுவிட்டது. கணினி இயக்கும் எதிரணி உண்மையான எதிரணியைப் போல ஆடுகிறதா என்பதை, ஆட்டம் முடிந்தபின் அதன் ஸ்கோர்கார்டைப் பார்த்தே தீர்மானித்துவிடலாம் என்பதே அக்கருத்து. இருபது ஓவரில் கணினி அணி 160 அல்லது 170 ஓட்டங்கள் எடுத்து, ஆறேழு விக்கெட்டுகளை இழந்து, அதன் தொடக்க மட்டையாளர்களின் ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துகளுக்கு அவர்கள் எடுக்கும் ஓட்டங்களின் அளவு, உண்மையான வீரர்களின் பதிவுகளோடு ஒத்துப்போனால், அந்த விளையாட்டு தத்ரூபமானது என்று ஆடுவோர் பாராட்டுகின்றனர். மதிப்புரை எழுதுவோர் வழிமொழிகின்றனர். உருவாக்குவோரும் அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த எண்களை நோக்கியே மென்பொருளைத் திருத்துகின்றனர். இதற்குத் துணையாக இன்னொரு கருத்தும் வழங்குகிறது. பந்து எழும் உயரம், காற்றில் அது வளையும் போக்கு, வீரர்களின் உடலசைவு ஆகியவை நுட்பமாக நுட்பமாக எதிராளியும் தானாகவே உண்மைத்தன்மை பெற்றுவிடுவான் என்பது அது. இவ்விரு கருத்துகளும் தவறானவை. உண்மையான எதிராளி என்பவன் குறைவாக அறிந்து, அறிந்ததைக் கொண்டு ஊகித்து, ஊகம் பிழைக்கும் இடத்தில் தவறுபவன். கணினி எதிராளியோ, வழக்கமாக வடிவமைக்கப்படும் முறையில், எல்லாவற்றையும் அறிந்துகொண்டு பகடை உருட்டித் தவறுபவன். இருவரும் ஒரே ஸ்கோர்கார்டைத் தரலாம் என்பது, அந்த ஸ்கோர்கார்டு அளவுகோலாகத் தகாது என்பதற்கே சான்று.

மட்டையாளரின் முன்னுள்ள நேரத்திலிருந்து இதைத் தொடங்குவது பொருந்தும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, கையை விட்டுப் பிரிந்து மட்டையை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. பீட்டர் மெக்லியாட் என்னும் உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, தரையில் பட்ட பந்து எதிர்பாராமல் திசை மாறினால், அதற்கேற்ப மட்டையின் போக்கை மாற்ற ஏறத்தாழ 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, தேவைப்படுகிறது என்றும், பன்னாட்டு அளவில் ஆடும் தேர்ந்த மட்டையாளர்களும் இந்த வரம்பைத் தாண்ட முடியவில்லை என்றும் காட்டியது. அவரும் மைக்கேல் லாண்டும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, மட்டையாளரின் கண் பந்தை முழுவதும் பின்தொடர்வதில்லை என்பதைப் பதிவு செய்தது. பந்து கையை விட்டு வெளிப்படும் கணத்தைப் பார்த்தபின், அது எங்கே தரையைத் தொடும் என்று எதிர்பார்க்கப்படுகிறதோ அந்த இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. ஆகவே கிரிக்கெட்டில் மட்டைவீச்சு என்பது அடிப்படையில் ஊகம். நல்ல மட்டையாளர் என்பவர் ஊகம் பெரும்பாலும் பலிக்கும் மட்டையாளர்.

கணினி மட்டையாளருக்கு இந்த ஊகத்தின் தேவையே இல்லை. மனிதர் பொத்தானை அழுத்திப் பந்தின் திசையையும் நீளத்தையும் தேர்ந்தெடுத்த மறுகணமே அந்த எண்கள் மென்பொருளின் நினைவகத்தில் இருக்கின்றன. 2006இன் இறுதியில் வெளிவந்து இன்றும் தமிழ்நாட்டின் பழைய கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 விளையாட்டில், பந்து விழவிருக்கும் இடம் ஒரு குறியாகத் திரையிலேயே தெரியும். அத்தகைய குறியை மனிதக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டாலும், எதிராளியின் கணக்கிலிருந்து அதை மறைக்கத் தனியே ஓர் ஏற்பாடு செய்யப்பட்டாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எல்லாம் அறிந்த மட்டையாளர் ஒருபோதும் ஆட்டமிழக்க மாட்டார் என்பதால், போலித் தற்செயல் எண், அதாவது கணக்கின் வழியே பிறந்தும் தற்செயல்போலத் தோன்றும் எண், ஒன்றை உருவாக்கி, அது குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வந்தால் மட்டையின் விளிம்பில் பந்து படட்டும் என்று விதி எழுதப்படுகிறது. அங்கே விக்கெட் வீழ்கிறது, ஆனால் எவரும் ஏமாற்றப்படவில்லை. மூன்று பந்துகளை வெளியே வளைத்து நான்காவதை உள்ளே கொண்டுவந்த பந்துவீச்சாளரும், ஒரே இடத்தில் நான்கு பந்துகளைக் கருத்தின்றி வீசியவரும் அந்தப் பகடையின் முன் சமமாகிவிடுகின்றனர். பந்துவீச்சு என்னும் கலையை இதைவிடப் பெரிதாக எந்தக் குறையும் அவமதிக்க இயலாது.

பருப்பொருளின் நுட்பம் எதிராளியின் அறிவைத் தானே கொண்டுவரும் என்ற துணைக்கருத்தைச் சோதிக்கச் சேர்வராயன் மலையைவிட ஏற்ற களம் அரிது. அம்மலையில், சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் ஏற்காடு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை காற்றின் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் அமைவதால், சேப்பாக்கத்தில் 60 சென்டிமீட்டர் ஸ்விங் ஆகும் பந்து, அதாவது தையலின் சாய்வால் காற்றிலேயே அவ்வளவு தொலைவு விலகும் பந்து, அதே வேகத்தில் அதே கையால் ஏற்காட்டில் வீசப்பட்டால் ஏறத்தாழ 52 சென்டிமீட்டரே விலகும். எட்டு சென்டிமீட்டர் என்பது ஒரு பந்தின் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல். மட்டையின் அகலத்துக்கு விதி அனுமதிக்கும் உச்சவரம்பே 10.8 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், விளிம்பில் பட வேண்டிய பந்து மட்டையின் நடுவில் வாங்கப்படுவதற்கு இந்த வேறுபாடு போதும். மெல்லிய காற்று பந்தைக் குறைவாகவே தடுப்பதால் தூக்கி அடிக்கும் பந்து சமவெளியில் விழுவதைவிடச் சில மீட்டர் தள்ளியே விழும்.

இவை அனைத்தையும் ஒரு விளையாட்டின் இயற்பியல் பகுதியில் எழுதிவிட முடியும்; ஒரு மாறிலியை மாற்றினால் போதும். அப்படி மாற்றிவிட்டால் எதிராளி மாறுகிறானா என்பதே கேள்வி. சமவெளியில் ஆடிப் பழகிய ஒரு பந்துவீச்சாளர் மலையேறி வந்து முதல் ஓவரை வீசும்போது, தம் பந்து எதிர்பார்த்த அளவு விலகவில்லை என்பதை இரண்டு மூன்று பந்துகளில் உணர்ந்து, ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே இலக்கை நகர்த்துவார், அல்லது ஸ்விங்கை நம்புவதை விட்டுவிட்டு நீளத்தைக் குறைப்பார். மலைச்சரிவில் கிடைக்கும் சிறிய சமதளத்தில் ஆடுபவர், காப்பித் தோட்டத்துப் பக்கம் பந்து உருளும் சாய்வை அறிந்திருப்பதால், அந்தப் பக்கத்துக் களக்காப்பாளரை இரண்டடி முன்னதாகவே நகர்த்தி வைப்பார். (சாய்வு மலைக்கு மட்டும் உரியதன்று, லண்டனின் லார்ட்ஸ் மைதானமே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் சரிந்திருக்கிறது, அங்கே எந்த முனையிலிருந்து வீசுவது என்பதைப் பந்துவீச்சாளர்கள் அந்தச் சரிவைக் கருதியே கேட்டுப் பெறுகின்றனர்.) இயற்பியல் மாறிலி மாற்றப்பட்ட விளையாட்டில் பந்து மட்டும் ஏற்காட்டுக்கு வந்துசேர்கிறது, அதை வீசுபவன் சேப்பாக்கத்திலேயே நின்றுவிடுகிறான். அவன் 13 விழுக்காட்டை அறியாதவனாக இருந்தால் கடைசி ஓவர்வரை அதே இடத்தில் வீசிக்கொண்டிருப்பான். அறிந்தவனாக எழுதப்பட்டால் முதல் பந்திலேயே பிழையின்றித் திருத்திக்கொள்வான். மனிதருக்குரியதோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று பந்துகள். கற்றுக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான் மட்டையாளருக்குப் பவுண்டரி கிடைக்கிறது, ஆட்டம் திசை திரும்புகிறது.

மலையின் மூடுபனி இன்னொரு பாடத்தையும் தருகிறது. ஈரக்காற்றில் பந்து மிகுதியாக ஸ்விங் ஆகும் என்பது கிரிக்கெட் உலகின் ஆழ்ந்த நம்பிக்கைகளுள் ஒன்று. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிக் கிரிக்கெட் பந்தின் காற்றியக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபி மேத்தா, ஈரப்பதம் ஸ்விங்கைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுகிறது என்பதற்குச் சோதனைகளில் உறுதியான சான்று இல்லை என்றே எழுதியிருக்கிறார். ஆனால் பந்துவீச்சாளர்கள் அதை நம்புகின்றனர். நம்புவதால் பனி இறங்கிய காலையில் பந்தை முன்னே தள்ளி வீசுகின்றனர். அணித்தலைவர் அதே நம்பிக்கையில் கூடுதலாக ஒரு ஸ்லிப்பை நிறுத்துகிறார். இயற்பியலை மட்டும் சரியாக எழுதும் விளையாட்டு இந்த முடிவுகள் எதையும் தராது. உலகம் எப்படி இருக்கிறது என்பது ஒரு கணக்கு, எதிராளி உலகத்தை எப்படி நினைக்கிறான் என்பது முற்றிலும் வேறொரு கணக்கு. இரண்டாவது கணக்கே இல்லாத மென்பொருளில், முதலாவது எவ்வளவு நுட்பமானாலும் அங்கே எதிராளி என்று ஒருவன் இல்லை.

எண்களைக் கொண்டு அளப்போரின் வாதம் சராசரியை நம்பி நிற்கிறது. சராசரி என்பது பல ஆட்டங்களின் தொகுப்பைப் பற்றிய உண்மை. ஓர் ஆட்டத்தைப் பற்றி அது மிகக் குறைவாகவே சொல்லும். 2022 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் நடந்த விஜய் ஹசாரே கோப்பை ஆட்டத்தில் தமிழ்நாடு அணி அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 50 ஓவரில் 2 விக்கெட் இழப்புக்கு 506 ஓட்டங்கள் குவித்தது. நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277 எடுத்தார், அவரும் சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு 416 சேர்த்தனர். ஒரு வீடியோ கேமில் கணினி அணி இப்படி ஆடியிருந்தால், ஸ்கோர்கார்டை அளவுகோலாகக் கொண்டோர் அதைப் பிழை என்று கூறித் திருத்தக் கோரியிருப்பர். நடந்ததோ உண்மையான ஆட்டம். வலிமையில் பெரும் வேறுபாடுள்ள இரு அணிகள் சந்திக்கும்போது நிகழக்கூடியது. நம்ப முடியாத எண்ணிக்கை ஒன்று முழுக்கக் காரணத்தோடு பிறக்கலாம் என்பதையும், நம்பத்தக்க எண்ணிக்கை ஒன்று எந்தக் காரணமும் இன்றிப் பிறக்கலாம் என்பதையும் சராசரி பிரித்தறியாது.

வீரர்களின் திறமையை எண்களாகப் பதியும் வழக்கமும் இதே குறையுடையது. சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராஜன், டென்னிஸ் பந்து ஆட்டங்களில் தொடங்கி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானவர். அவருடைய பெயர் நினைவுக்கு வரும்போதே யார்க்கரும், அதாவது மட்டையாளரின் காலடியில் நேரே விழும் பந்தும், நினைவுக்கு வருகிறது. அவரை ஒரு விளையாட்டில் படைப்போர் யார்க்கர் என்ற பண்புக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓர் எண்ணை இட்டால் பணி முடிந்தது என்று கருதுவர். அந்த எண் அவர் யார்க்கரை எவ்வளவு துல்லியமாக வீசுவார் என்பதைக் கூறும். எப்போது வீசுவார், எதற்குப் பின் வீசுவார், எவரிடம் வீசாமல் விடுவார் என்பதைக் கூறாது. 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் ஐபிஎல் வெளியேற்றச் சுற்றில் அரைசதம் கடந்து ஆடிக்கொண்டிருந்த ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பை அவர் யார்க்கரால் சாய்த்த நிகழ்வு, எண் பட்டியலில் ஒரு பந்து, ஒரு விக்கெட் என்று மட்டுமே தங்கும்.

கணினி எதிராளியிடம் இல்லாதவற்றுள் முதன்மையானது நினைவு. 1998 மார்ச்சில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் சச்சின் டெண்டுல்கர் 4 ஓட்டங்களில் ஷேன் வார்னிடம் வீழ்ந்தார். இரண்டாம் இன்னிங்ஸில் அதே வார்னுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 155 எடுத்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடித் தடங்களால் கரடுமுரடான இடத்தில் வார்ன் பந்தை விழச்செய்வார் என்பதை எதிர்பார்த்து, லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அவ்விடத்தில் வீசவைத்துத் தொடருக்கு முன்பே அவர் பயிற்சி எடுத்திருந்தார். எதிராளியைப் பற்றிய எதிர்பார்ப்பு, அது ஒருமுறை தோற்றபோது கைவிடாத உறுதி, அதே போட்டிக்குள் நிகழ்ந்த திருத்தம் ஆகிய மூன்றும் அந்த 155க்குள் அடங்கியிருக்கின்றன. கணினி மட்டையாளரோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் மெதுவான பந்துக்கு ஒருமுறை வீழ்ந்தால், ஐம்பதாவது முறையும் அதே பந்துக்கு அதே விகிதத்தில் வீழ்வார். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு அதன்பின் ஆட்டம் ஆட்டமாக இராது.

இரண்டாவது குறை, நிலைமையை எடைபோடும் ஆற்றல் இல்லாமை. 2021 ஜனவரி 11 அன்று சிட்னியில் 407 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா 5 விக்கெட்டுக்கு 272 என்றிருந்தபோது, தொடைத்தசை காயமுற்ற ஹனுமா விஹாரியும் முதுகுவலியோடு வந்த ரவிச்சந்திரன் அஸ்வினும் வெற்றியை விட்டுவிட்டு 40 ஓவருக்கு மேல் நின்று ஆட்டத்தை டிராவாக்கினர். விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. வெறும் தேவைப்படும் ஓட்ட விகிதத்தை வைத்து அடியைத் தேர்வு செய்யும் விதியால் இந்த ஆட்டத்தை உருவாக்க இயலாது, ஏனெனில் இங்கே மாறியது அடியல்ல, நோக்கமே. அதே அஸ்வின் 2022 அக்டோபர் 23 அன்று மெல்பர்னில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 2 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் களமிறங்கி, முகமது நவாஸ் லெக் பக்கம் வீசிய பந்தைத் தொடாமல் விட்டு வைடு பெற்று, அடுத்த பந்தை மிட் ஆஃப் தலைக்கு மேல் தூக்கி ஆட்டத்தை முடித்தார். இறுதிப் பந்தில் மட்டையை வீசாமல் இருப்பது எண் பட்டியலில் எந்தத் திறமையாகவும் பதிவாகாது.

இவ்வளவுக்கும் எதிராக வைக்கப்படும் மறுப்புகளுள் வலிமையானது ஒன்று. எதிராளியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆடுபவர் பார்க்க முடியாது. வெளியே தெரியும் நடத்தை ஒத்திருந்தால் போதும். ஆலன் டூரிங் 1950இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இயந்திரத்தின் சிந்தனையை அதன் வெளிப்பாட்டைக் கொண்டே மதிப்பிடச் சொன்னதல்லவா என்பர். இதை ஏற்றுக்கொண்டாலும் ஸ்கோர்கார்டுக் கொள்கை தப்பாது. டூரிங் முன்வைத்தது, கேள்வி கேட்பவர் விரும்பிய திசையில் தொடர்ந்து துருவிப் பார்க்கும் உரையாடலை. உரையாடல் முடிந்தபின் வாக்கியங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதை அன்று. கிரிக்கெட்டில் துருவும் கேள்வி என்பது பந்தே. ஆடுபவர் ஒவ்வொரு பந்திலும் எதிராளியைக் கேள்வி கேட்கிறார். நினைவில்லாத எதிராளி சில ஆட்டங்களுக்குள் அம்பலமாகிவிடுகிறான்.

கைபேசியின் திறன் போதாது என்பது அடுத்த மறுப்பு. இருபது ஓவர் என்பது 120 பந்துகள்; ஒவ்வொன்றின் திசை, நீளம், வேகம், ஆடிய அடி, விளைவு ஆகியவற்றைப் பதிந்தால் சில நூறு எண்களே ஆகும். அரங்கத்தின் பார்வையாளர் கூட்டத்தை வரைவதற்கு ஆகும் உழைப்பில் ஒரு சிறு துளிகூட இதற்குத் தேவைப்படாது. தட்டுப்பாடு திறனில் இல்லை, முன்னுரிமையில் இருக்கிறது.

அறிவுள்ள எதிராளி வந்தால் சாதாரணமாக ஆடுவோர் தோற்றுத் தோற்றுச் சலித்துவிடுவர் என்ற அச்சமும் கூறப்படுகிறது. இது திறனையும் அறிவையும் ஒன்றாகக் கருதுவதால் எழும் அச்சம். இப்போதுள்ள கடின நிலைகளில் பொதுவாக நடப்பது, பந்தின் வேகத்தைக் கூட்டுவதும், பொத்தானை அழுத்துவதற்கு ஆடுபவருக்குத் தரப்படும் கால இடைவெளியைக் குறுக்குவதும், எதிரணியின் திறமை எண்களை உயர்த்துவதும்தான்; அதாவது எதிராளி வளர்வதில்லை, விதி கடுமையாகிறது. இதற்கு மாறாக, பள்ளி அணி ஒன்றின் பந்துவீச்சாளருக்கு வேகமும் துல்லியமும் குறைவாக இருக்கும், ஆனாலும் முந்தைய பந்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு நினைவிருக்கும். ஏற்காட்டில் 1917இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் போன்ற ஒரு பள்ளியின் மைதானத்தில் பதினைந்து வயது மாணவர்கள் ஆடும் ஆட்டத்திலும், புல் ஷாட்டை விரும்பும் மட்டையாளருக்கு டீப் ஸ்கொயர் லெக்கில் ஆள் நிறுத்தப்படுகிறார். எளிய எதிராளி என்பவன் இப்படிப்பட்டவனாக, எண்ணம் சரியாக இருந்தும் கை ஒத்துழைக்காதவனாக எழுதப்பட்டால், புதிதாக ஆடுபவரும் வெல்வார், வென்றது ஒருவரை என்ற உணர்வும் அவருக்குக் கிடைக்கும். இரண்டு, ஐந்து ஓவர் ஆட்டங்களே கைபேசியில் மிகுதி என்பதும், அவ்வளவு குறுகிய ஆட்டத்தில் உண்மையான ஓட்ட விகிதத்தைப் பேண முடியாது என்பதும் உண்மை. ஓட்ட விகிதம் உண்மைத்தன்மையின் அளவுகோலாகத் தகாது என்பதற்கு அதுவே இன்னொரு காரணமாகிறது, ஏனெனில் பன்னிரண்டு பந்துகளுக்குள்ளும் ஒருவர் ஏமாற்றப்படவும், அதை உணர்ந்து திருந்தவும் இடமிருக்கிறது.

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குத் தொலைவானதன்று. உலகெங்கும் கைபேசிகளில் ஆடப்படும் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் வரிசையை உருவாக்கிய நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா சென்னையைச் சேர்ந்த நிறுவனம். அவ்வரிசையின் இரண்டாம் விளையாட்டு 2015இலும் மூன்றாவது 2020இலும் வெளிவந்தன. வீரர்களின் அசைவை உடலில் பொருத்திய உணரிகளால் படியெடுக்கும் இயக்கப் பதிவு நுட்பம் இத்துறைக்கு நன்கு பழகிவிட்டது. உடலைப் படியெடுத்த அதே அக்கறையோடு முடிவுகளைப் படியெடுப்பதே இனிச் செய்ய வேண்டிய பணி, அதற்கான மூலப்பொருளும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. சேர்வராயன் மலைக்குக் கிழக்கே வாழப்பாடியில் 2020இல் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்து ஒளிபரப்பாகியிருக்கின்றன. ஒவ்வொரு பந்துக்கும் முன் களக்காப்பாளர்கள் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பது, பந்துவீசும் அணி என்ன ஊகித்தது என்பதன் வெளிப்படையான பதிவு. அந்தப் பந்து எங்கே விழுந்தது என்பது, ஊகம் கைகூடியதா என்பதன் பதிவு. அடுத்த பந்துக்கு எந்தக் களக்காப்பாளர் இடம்மாறினார் என்பது, கற்றுக்கொண்டது என்ன என்பதன் பதிவு. ஸ்கோர்கார்டு தொகுப்போர் இம்மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதான ஓட்டத்தை மட்டும் எழுதிக்கொள்கின்றனர். முதல் மூன்றையும் பந்து பந்தாகத் தொகுத்து, அவற்றிலிருந்து எதிராளியை எழுதத் தொடங்கும் நிறுவனம், முதல் பதிப்பில் சராசரிகள் சற்றுப் பிசகினாலும், உண்மையான எதிராளிக்கு அருகில் வந்துவிட்டதாகவே கொள்ளப்பட வேண்டும்.